உத்தரத்தில் ஒரு கொக்கி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீடு இன்னும் நிற்கிறது. அதன் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், நடு உத்தரத்தில், கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. நிலக்கடலை வரும் மாதங்களில் அதில் தராசு தொங்கும். அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தபோது அதில்தான் தூளி கட்டினார்கள். ஆடி நோம்பிக்கு எங்களுக்குத் தூரி என்ற ஊஞ்சல் போட்டதும், சித்தப்பாவின் நிச்சயதார்த்தத்தன்று பெட்ரோமாக்ஸ் விளக்கை மாட்டியதும் அதே கொக்கியில்தான். கொக்கியை அடித்த ஆசாரி இவற்றில் எதையும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உத்தரம் எங்கே திடமாக இருக்கிறது, கீழே நடப்பவர் தலையில் இடிக்காமல் இருக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்ற இரண்டை மட்டும் பார்த்து அடித்திருப்பார். பல தொழில் செய்யும் பலர் ஒரே கூரையின்கீழ் கூடிப் பணிபுரியும் இடங்களை வடிவமைக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கொக்கி எவ்வளவு பெரிய பாடம் என்பது எனக்குப் புரிந்தது.

பாலக்காட்டில் கட்டடக் கலைஞராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொழில் செய்துவருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, நகரத்தின் கிழக்கு விளிம்பில் மூடிக்கிடந்த ஒரு பழைய நெல் மில்லைப் பதினொரு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அதைப் பணியிடமாக மாற்றித் தர வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் இரண்டு பெண்கள், பெருவெம்பிலிருந்து வரும் ஒரு மிருதங்கக் கைவினைஞர், அனிமேஷன் செய்யும் நான்கு இளைஞர்கள், மரச் சிற்பம் செதுக்கும் ஒருவர், இரண்டு ஓவியர்கள், ஒலிப்பதிவு செய்யும் ஒருவர். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எப்போது வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும்படி இடம் இருக்க வேண்டும். அந்தச் சொற்களை நான் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, மாற்றம் என்றால் நகர்த்துவது என்று பொருள் செய்துகொண்டேன். அதுதான் நான் செய்த தவறு.

15 மீட்டர் அகலமும் 36 மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கொட்டகையை நான்கு மடக்குச் சுவர்களால் பிரித்தேன். ஒவ்வொரு பலகையும் எழுபது கிலோவுக்குக் குறையாது. தரையில் பதித்த இரும்புத் தடத்தில் உருட்டி ஒதுக்கினால் முழுக் கொட்டகையும் ஒரே கூடமாக விரியும் என்பது திட்டம். முதல் மாதம் எல்லோரும் ஆர்வமாக நகர்த்திப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் தடத்தில் மரத்தூளும் கிழக்குக் காற்று கொண்டுவந்த மண்ணும் அடைத்தன. மூன்றாம் மாதம் சுவரின் இரு பக்கமும் அலமாரிகள் சாய்ந்துவிட்டன; சிற்பி தம் உளிப் பையை அதில் மாட்டியிருந்தார். நகரும் சுவரை நகர்த்த வேண்டுமானால் அதன் இருபுறமும் வெற்றிடம் இருக்க வேண்டும், இரண்டு பேர் தூக்க வேண்டும், அண்டை வீட்டுக்காரர்போல் அந்தப் பக்கத்தவர் அதே நேரத்தில் சம்மதிக்கவும் வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் இந்த மூன்றும் ஒருசேரக் கூடிவருவதில்லை. மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு அந்தச் சுவர்களுக்குப் போயிருந்தது. அடுத்த ஆண்டு அவற்றைக் கழற்றினோம்.

இந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பாரிஸில் 1977-இல் திறக்கப்பட்ட பொம்பிடு மையம், தூண்களே குறுக்கிடாத பரந்த தளங்களைக் கொண்டது. குழாய்களும் நகரும் படிகளும்கூட வெளிப்புறத்துக்குத் தள்ளப்பட்டு, உள்ளே எதையும் எப்படியும் மாற்றலாம் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டது. ஆனால் எட்டே ஆண்டுகளில், 1985-இல், இத்தாலியக் கட்டடக் கலைஞர் காயே அவுலென்தி அதன் அருங்காட்சியகத் தளத்துக்குள் நிலையான அறைகளை அமைத்துத் தர வேண்டியதாயிற்று. ஓவியத்தை மாட்ட ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் அசையாமல் நிற்கவும் வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவிட்ட இடத்தில், பிடித்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

ஹாலந்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹப்ராக்கன் 1961-இல் முன்வைத்த ஒரு பகுப்பு இங்கே எனக்கு மிகவும் உதவியது. அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேசியபோது அவர் கட்டடத்தை இரண்டாகப் பார்க்கச் சொன்னார்: எல்லோருக்கும் பொதுவாக, நெடுங்காலம் நிற்க வேண்டிய தாங்கும் பகுதி ஒன்று, அதற்குள் குடியிருப்பவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் நிரப்பும் பகுதி மற்றொன்று. எது யாருடைய முடிவு என்ற எல்லையைத் தெளிவாக வகுத்தால்தான் இரண்டும் நன்றாக இருக்கும் என்பது அவருடைய வாதம். எங்கள் ஊர் வீடுகளில் இந்த எல்லையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவை இருந்ததில்லை. தூண், உத்தரம், கூரை ஆகியவை ஆசாரியின் பொறுப்பு. தட்டி, பாய், திரை, அட்டாலியில் அடுக்குவது எல்லாம் வீட்டாரின் பொறுப்பு. நம் காலத்து அலுவலகக் கட்டடங்களில்தான் வயரைச் சுவருக்குள் புதைத்து, குழாயைத் தரைக்குள் புதைத்து, பத்து ஆண்டு ஆயுள் உள்ளதை நூறு ஆண்டு ஆயுள் உள்ளதோடு பிரிக்க முடியாமல் கட்டிவிடுகிறோம். பிறகு ஒரு பிளக் பாயின்ட் இடம் மாறுவதற்குச் சுவரை வெட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே இரண்டாம் முறை மில்லுக்குள் நுழைந்தபோது, எதை நகர்த்தலாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எதை ஒருபோதும் நகர்த்தக் கூடாது என்ற கேள்வியோடு அளவெடுத்தேன்.

முதலில் வெளிச்சம். கோயம்புத்தூரில் 1888-இல் தொடங்கிய முதல் நூற்பாலையிலிருந்து பரவிய மில்கள் பலவற்றில் ரம்பப் பல்போன்ற நார்த் லைட் கூரையைப் பார்க்கலாம். செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி வைத்து வடக்கே திருப்பினால் நேர் வெயில் படாமல் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளி வரும் என்பது அதன் அடிப்படை. நூலின் நிறத்தைப் பார்ப்பவருக்கும் ஓவியருக்கும் வேண்டியது இதே ஒளிதான். ஆனால் இந்தக் கூரை இங்கிலாந்தின் சூரியனுக்காக உருவானது. பாலக்காடு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10.8 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கிலேயே நிற்கிறது. அப்படியே காப்பியடித்தால் மே மாதத்து வெயில் ஓவியத்தாளின் மேல் நேராக விழும். ஜூன் 21 நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து பதின்மூன்று பாகைக்குள்தான் சாய்ந்திருக்கும் என்பதால், ஒரு மீட்டர் உயரக் கண்ணாடிக்கு 23 சென்டிமீட்டர் நீட்டிய சிறு இறவாரம் அந்த நேரத்துக்குப் போதும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை அது தடுக்காது. அதற்குக் கண்ணாடியின் குறுக்கே நிற்கும் செங்குத்துப் பலகைகள் வேண்டும். எங்கள் கொட்டகையின் முகடு கிழக்கு மேற்காக ஓடியது நல்வாய்ப்பு. வடக்குச் சரிவில் ஓடுகளைப் பிரித்து நீளமாக ஒரு வெளிச்சத் திறப்பை உயர்த்தி, இறவாரமும் பலகைகளும் வைத்தோம். கொட்டகையின் எந்த மூலையில் மேசையைப் போட்டாலும் வரைவதற்கு ஒளி இருக்கிறது. மேசை இடம் மாறுவதற்கு வழிவிட்டது அந்த அசையாத கூரைதான்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாயில் நாங்கள் வாழ்கிறோம். ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து மழையோடு வரும் காற்று, நவம்பர் பிறந்தபின் திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்டு, மண்ணை வாரிக்கொண்டு வீசும். வெளியூரில் கற்ற ஒருவர் ஒரு திசைக்கு மட்டும் சன்னல் வைத்துவிட்டுப் போனால், பாதி ஆண்டு அந்த சன்னல் மூடியே கிடக்கும். இரு முனைச் சுவர்களிலும் சாய்வுச் சட்டங்கள் கொண்ட திறப்புகளை வைத்து, அவற்றைக் கீழிருந்தே கயிற்றால் திருப்பும்படி செய்தோம். மிருதங்கக் கைவினைஞர் மட்டும் காற்றே படாத ஓர் ஒதுக்கம் வேண்டும் என்றார். "அம்மிணி, தோலுக்கு அவசரம் ஆகாது. காத்து அடிச்சா ஒரு பக்கம் இழுத்துக்கும்" என்று அவர் சொன்னதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். மில்லில் நெல் அவித்த பழைய தொட்டிகளுக்குப் பின்னால், மூன்று பக்கம் தடித்த சுவர் சூழ்ந்த ஒரு மூலை அவருக்காகவே இருந்ததுபோல் அமைந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டுப் பணியிடங்களின் வரைபடங்களில் இதுதான் கடைசியில் நினைக்கப்படுகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தைக் கழுவ நீர் வேண்டும். களிமண் பிசைய, தூரிகை அலச, தோலை ஊறவைக்க, கை கழுவ எல்லாவற்றுக்கும் வேண்டும். நீர்க் குழாயை எங்கும் இழுத்துவிடலாம். கழிவுநீர் வாட்டம் பார்த்துத்தான் ஓடும், அதை நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே தெற்கு நெடுஞ்சுவர் முழுவதையும் ஈரச் சுவராக ஒதுக்கினோம். தரையில் தொடர்ச்சியான வாய்க்கால், மேலே இரும்புச் சல்லடை, மூன்று மீட்டருக்கு ஒரு குழாய், கடைசியில் சாயமும் மண்ணும் படிவதற்கான தொட்டிகள். இந்த ஊரின் காற்று பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே ஓடுவதால், சாயத்தின் நெடி பெரும்பாலும் தெற்குப் பக்கத்தோடு போய்விடும், நடுவில் இருப்பவர்களை அதிகம் தொடாது என்பதும் அந்தச் சுவரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். தின்னர் போன்ற எரியக்கூடியவற்றுக்கு மட்டும் வெளியே தனியாக ஒரு சிறு அறை.

மின்சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: மூன்று பேஸ் இணைப்பை முதல் நாளே வாங்கி, தலைக்கு மேல் திறந்த கேபிள் டிரேயில் கொட்டகை முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொருவருக்கும் மின்சுமை கூடினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்சும் தனி உப மீட்டரும் வைத்தால் பாதிச் சண்டை வராது.

தளத்தின் தாங்குதிறனில்தான் பலரும் சிக்கனம் பார்த்துப் பிறகு வருந்துகிறார்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. இலகுவான இயந்திரங்கள் இயங்கும் பணியிடத்துக்கு அதே தரநிலை 5 கிலோநியூட்டன் கேட்கிறது. வீடாகக் கட்டியதை ஸ்டுடியோவாக மாற்றுகிறவர்கள் இந்த இரண்டரை மடங்கு வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. காகிதக் கட்டுகளும் அச்சு இயந்திரமும் ஏறிய பிறகு விரிசல்தான் அதைச் சொல்லும். கிழக்கு முனையில் நாங்கள் புதிதாகப் போட்ட இடைத்தளத்தை இப்போது அனிமேஷன் இளைஞர்களின் கணினிகள் மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆனாலும் அதை 5 கிலோநியூட்டனுக்கே கட்டினேன். நாளை அவர்கள் போய், நெசவுத்தறியோடு ஒருவர் வந்தால், அவரிடம் தளம் தாங்காது என்று சொல்ல நேரக் கூடாது.

ஒலியில் எனக்கு நெகிழ்வு என்ற சொல்லின் மேல் நம்பிக்கையே போய்விட்டது. மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் ஒருவரும், ஒலிப்பதிவு செய்யும் ஒருவரும் ஒரே கொட்டகையில் இருக்கிறார்கள். திரையோ, மடக்குச் சுவரோ, கண்ணாடிக் கதவோ இதைத் தீர்க்காது. ஒலி விரல் நுழையும் இடுக்கு வழியாகவும் வரும், பொய்க் கூரைக்கு மேலே ஏறியும் வரும். கடைசியில் பெரிய கொட்டகைக்குள் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவரும் தனிக் கான்கிரீட் மூடியுமாக, கொட்டகையின் எந்தச் சுவரையும் தொடாமல், ஒரு சிறு அறையைக் கட்டினோம். மொத்த இடத்திலும் மிகவும் பிடிவாதமான பகுதி அதுவே. அது அப்படி நிற்பதால் மற்ற பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்காமல் தட்டவும் அறுக்கவும் முடிகிறது.

இனி கொக்கிக்கு வருகிறேன். கொட்டகையின் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களான இரும்புக் கத்திரிகள் ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே உத்தரங்களைப் பொருத்தி, 1.2 மீட்டருக்கு ஒன்றாகக் கொக்கிகளை அமைத்தோம். ஒவ்வொன்றிலும் 200 கிலோ மணல் மூட்டையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, பாதியை மட்டும் அனுமதித்து, "100 கிலோ" என்று மஞ்சள் பெயின்டில் எழுதினோம். எல்லாக் கொக்கிகளிலும் ஒரே நேரத்தில் முழுப் பாரம் ஏறினால் கத்திரி தாங்குமா என்பதையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்ட பிறகுதான் அந்த எண்ணை எழுதினோம். நான்கு மடக்குச் சுவர்கள் செய்யாததை அந்தக் கொக்கிகள் செய்தன. அச்சிட்ட துணிகளை உலர்த்தக் கயிறுகள் கட்டினார்கள். சிற்பி பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி மரத்தைத் திருப்பினார். ஓவியர்கள் கனத்த காடாத் துணியைத் தொங்கவிட்டு அறையாக்கிக்கொண்டார்கள். கண்காட்சி நாளில் அதைச் சுருட்டிக் கட்டப் பத்து நிமிடம் ஆகிறது. பிரிண்டிங் பெண்களில் ஒருவர் குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்பியபோது, ஈரச் சுவருக்கு அருகே ஒரு கொக்கியில் தூளி கட்டியிருந்ததைப் பார்த்தேன். அன்று வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கொக்கி இருந்தால் மட்டும் போதாது, அதில் மாட்டலாம் என்ற உரிமையும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், போர்க்காலத் தேவைக்காக 1943-இல் மரத்தால் அவசரமாகக் கட்டப்பட்ட 20-ஆம் எண் கட்டடம் 1998 வரை நின்றது. அது தற்காலிகமானது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், சுவரைத் துளைக்கவும் வயரை இழுக்கவும் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஓர் ஆய்வாளர் தம் அணுக் கடிகாரத்துக்கு உயரம் போதவில்லை என்று இரண்டு தளங்களையே பிரித்தெடுத்தார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த உரிமையை. மில்லின் வடக்குச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலே, 2.4 மீட்டர் வரை, மரச் சட்டங்களின் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் அறைந்தோம். அங்கே யாரும் எதையும் ஆணி அடிக்கலாம், திருகலாம், வண்ணம் பூசலாம், என்னையோ உரிமையாளரையோ கேட்க வேண்டாம். பலகை நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். செங்கல் சுவரும் உத்தரமும் மட்டும் தொடக் கூடாது. வெளியேறும் இரண்டு வழிகளையும் தரையில் சிவப்புக் கோடாக வரைந்து, அதன்மேல் ஒரு நாற்காலிகூட நிற்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டோம்.

இந்த உரிமைக்கு ஒரு காகிதமும் தேவைப்படுகிறது. நம் ஊர்களில் வாடகை ஒப்பந்தம் என்றாலே பதினொரு மாதம்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. பதினொரு மாதத்தில் போகப்போகிறவர் ஏன் ஓர் அலமாரியைச் சுவரில் பொருத்தப் போகிறார்? சக்கரம் வைத்த மேசைகளையும் மடக்கு நாற்காலிகளையும் காட்டி நெகிழ்வான பணியிடம் என்று விளம்பரம் செய்யும் பல இடங்களில், உண்மையில் நெகிழ்ந்து கிடப்பது வாடகைதாரரின் நிலைதான் என்பது என் கருத்து. கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, கலைஞர்கள் கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு சொந்தமாக நிலம் வாங்கினார்கள். அந்தக் கிராமம் இன்றும் இருப்பதற்கு அதன் கட்டடங்களை விட அந்த நிலப் பத்திரம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் பதினொரு பேரால் நிலம் வாங்க முடியவில்லை. மில் உரிமையாளரிடம் பல மாதங்கள் பேசி, ஐந்து ஆண்டுக் குத்தகையாகப் பதிவு செய்தோம். அந்தப் பத்திரம் கையில் வந்த வாரத்தில்தான் பிளைவுட் சுவரில் முதல் ஆணி இறங்கியது.

பழைய கிடங்குகளும் ஆலைகளும் இந்தப் பணிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்று பலர் கேட்கிறார்கள். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய முதல் கொச்சி முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சிக்குக் கொச்சிக் கோட்டையின் ஆஸ்பின்வால் ஹவுஸும் பெப்பர் ஹவுஸும் இடம் கொடுத்தன. மிளகு மூட்டைகளுக்காகக் கட்டியவற்றில் உயர்ந்த கூரை, அகன்ற கதவு, தடித்த சுவர், நடுவே திறந்த முற்றம் ஆகியவை தாமாகவே இருக்கின்றன. சரக்கு எந்த உருவத்தில் வரும் என்று தெரியாதவர்கள் கட்டியவை அவை. எங்கள் மில்லின் முன்னால் நெல் காயப்போட்ட சிமென்ட்டுக் களமும் அப்படித்தான். இப்போது பெரிய பதாகைகளை விரித்து அச்சிடுவதும், மாலையில் பாடம் நடத்துவதும், வருடத்துக்கு ஒருமுறை சந்தை கூடுவதும் அங்கேதான். அந்தக் களத்தில் கூரை போட்டு வாடகையைப் பெருக்கலாம் என்ற யோசனை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நான் கடுமையாக எதிர்த்தேன்.

சென்ற மாதம் ஓவியர்களில் ஒருவர் விலகி, மண்பாண்டம் செய்யும் ஒரு பெண் சேர்ந்தார். அவருக்கு மின்சூளை வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது, அவரும் சிற்பியும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் சூளையின் இடத்தை வரைந்து முடித்திருந்தார்கள். தின்னர் அறைக்கு எதிர் மூலை, மூன்று பேஸ் பெட்டிக்குப் பக்கம், சிவப்புக் கோட்டுக்கு வெளியே. வெப்பத்தை வெளியேற்றும் குழாய்க்கு எந்த ஓட்டைப் பிரிக்கலாம் என்பதையும் ஏற்கெனவே மேலே ஏறிப் பார்த்திருந்தார்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"அக்கா, இந்த இடத்துல தரைக்கு அடியில என்ன போகுது?"

சுவரில் முழங்கால் உயரத்தில் எழுதிவைத்திருந்ததைக் காட்டினேன். கழிவுக் குழாய், 60 சென்டிமீட்டர் ஆழம். சிற்பி குனிந்து, சுண்ணாம்புக் கோட்டை ஒரு முழம் வடக்கே தள்ளி மறுபடியும் வரைந்தார்.